அவசரகால அதிகாரிகளின் முகவரிப் புத்தகம்

பெரும்பாலும் அது ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. மறுமுனையில் இருப்பவர் எடுத்த எடுப்பில் பெயரைச் சொல்வதில்லை. ஒரு எண்ணைச் சொல்கிறார். ‘ஈ.சி.’ என்ற இரண்டு எழுத்துகள், அதைத் தொடர்ந்து சில இலக்கங்கள். கேட்பவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். காலை மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்பது நினைவில் இருக்காது. ஆனால் அந்த எண் யாருடையது, பரங்கிமலையில் அவருடைய கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது, அணிவகுப்பில் எந்தக் காலை முன்னால் வைத்து அவர் திட்டு வாங்கினார் என்பதெல்லாம் உடனே வந்துவிடும். அறுபது ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஒருவர் திரும்பக் கிடைத்துவிட்டார்.

சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இருந்ததில்லை. பொது நோக்கங்களுக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு இடம் தருகிறது. எந்த அரசும் அதைக் காட்டி இளைஞர்களைப் படைக்கு இழுத்ததில்லை. ஆகவே பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் சகஜமாக இருக்கும் ஒரு காட்சி, அதாவது இருபது வயதில் சீருடையில் சேர்ந்து வாழ்ந்து, கலைந்துபோய், முதுமையில் ஒருவரையொருவர் தேடும் காட்சி, இங்கே அபூர்வம். அதற்கு மிக அருகில் வரும் இந்தியத் தலைமுறை ஒன்று உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு அவசர கமிஷன் பெற்றுப் படையில் சேர்ந்த இளம் அதிகாரிகள்தான் அவர்கள். பெயருக்கு முன்னால் நின்ற ‘ஈ.சி.’ அந்த எமர்ஜென்சி கமிஷனின் சுருக்கம்.

1962 அக்டோபர் 20ல் தொடங்கிய போர் ஒரு மாதத்தில் முடிந்தது. அக்டோபர் 26ல் நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. கிருஷ்ண மேனன் போய் ஒய்.பி. சவான் பாதுகாப்பு அமைச்சரானார். பெண்கள் வளையலையும் தாலிக்கொடியையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். படையை 25 டிவிஷன்களாகவும் 8 லட்சத்து 25 ஆயிரம் பேராகவும் விரிவுபடுத்துவது என்று அரசு முடிவெடுத்தது. சிப்பாய்களைச் சேர்க்கலாம், அவர்களை நடத்திச் செல்ல அதிகாரிகள் எங்கே? டேராடூன் அகாதமி மட்டும் போதவில்லை. புனாவிலும் சென்னைப் பரங்கிமலையிலும் 1963ல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் அப்போதுதான் பி.ஏ. முடித்தவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் இருந்தார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டில் அதற்கு முன் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. சில மாதப் பயிற்சி. தோளில் ஒற்றை நட்சத்திரம். பிறகு எல்லை. எந்த மலையில், எந்தப் பாலைவனத்தில் இருந்தாலும் வீட்டாருக்குத் தெரிந்த முகவரி 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான்.

இந்தியாவை அவர்கள் அறிந்துகொண்டது அங்கேதான். 1965 ஜனவரி, பிப்ரவரியில் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. அதே தமிழகத்திலிருந்து போன லெப்டினன்டுகள் டோக்ரா, ஜாட் சிப்பாய்களின் குடும்பக் கவலையைக் கேட்பதற்காக அவர்களுடைய பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்த வடநாட்டு இளைஞர்களோ ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற முழக்கத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார்கள். தன் பிளட்டூனின் மொழி தெரியாத அதிகாரி ஆபத்தானவர் என்பது ராணுவத்தின் பழைய பாடம்.

அந்தப் பாடத்துக்குத் தேர்வு சீக்கிரமே வந்தது. 1965 ஆகஸ்ட், செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். ஹாஜி பீர் கணவாய், அசல் உத்தர், பில்லோரா, டோக்ராய் என்று பாடப் புத்தகங்கள் பட்டியலிடும் அந்தப் போரில், முன்வரிசையில் முப்பது பேரை நடத்திச் சென்ற இளைஞர்களில் அவசர கமிஷன்காரர்கள் நிறைய. நட்சத்திரம் தோளில் ஏறி ஒன்றிரண்டு ஆண்டுகூட ஆகாதவர்கள். செப்டம்பர் 23ல் சண்டை நின்றபோது சிலருடைய கட்டில்கள் காலியாக இருந்தன. அவர்களுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, சட்டைகளை மடித்து, கடிதங்களை அடுக்கி வீட்டுக்கு அனுப்பும் வேலை உடன் இருந்த நண்பனுடையது. பின்னாளில் ஒருவரையொருவர் தேடத் தூண்டியவற்றில் அந்தப் பெட்டிகளும் உண்டு.

அதன் பிறகு நடந்ததுதான் அதிகம் பேசப்படாத பகுதி.

1965ன் இறுதியில் அவசர கமிஷன் நிறுத்தப்பட்டு, குறுகிய கால கமிஷன் வந்தது. ஏற்கனவே சேர்ந்தவர்களில் யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று தேர்வுக் குழுக்கள் முடிவு செய்தன. தேறியவர்களின் எண்ணில் ‘ஈ.சி.’ போய் ‘ஐ.சி.’ வந்தது. மற்றவர்கள் அறுபதுகளின் பிற்பகுதியில் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டார்கள். நெருக்கடி நிலையே 1968 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. விடுவிக்கப்பட்டவர்களுக்காக அரசுப் பணிகளில் இடம் ஒதுக்கி 1967ல் விதிகள் வந்தன. அதன் வழியாகச் சிலர் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். ஆனார்கள். சிலர் வங்கிக்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கும் போனார்கள். படையில் கழித்த ஆண்டுகளைப் பணிமூப்பில் சேர்க்கக் கோரிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை ஏறின. இன்னும் பலர் எந்த ஒதுக்கீட்டுக்கும் காத்திருக்காமல் ஊருக்குப் போய்க் கடை வைத்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள், பழைய பள்ளிக்கூடத்திலேயே மறுபடி கரும்பலகை முன் நின்றார்கள்.

அவர்கள் ஒருவரையொருவர் தொலைத்ததற்குக் காரணம் மறதி அல்ல. அது நிர்வாகம் சம்பந்தப்பட்டது. முழு சேவை முடித்து ஓய்வு பெறும் சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. பென்ஷன் இருந்தால் பட்டியல் உண்டு. பட்டியலில் முகவரி உண்டு. ஆண்டுதோறும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சான்றும் உண்டு. நான்கைந்து ஆண்டில் விடுவிக்கப்பட்ட அதிகாரிக்குக் கிடைத்தது பணிக்கொடை. தொகை கைக்கு வந்ததோடு கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று விசாரிக்கும் அவசியம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை. 56 ஏ.பி.ஓ. என்ற பொது முகவரி போனதும் ஒவ்வொருவரும் ஒரு ஊருக்குள் மறைந்தார்கள். நண்பனின் கிராமத்து விலாசத்துக்குப் போட்ட கடிதம் ‘விலாசதாரர் இல்லை’ என்ற குறிப்புடன் திரும்பி வந்ததும் கதை முடிந்துவிடும்.

எனவே பட்டியலை அவர்களே போட வேண்டியிருந்தது. வெள்ளிவிழா, பொன்விழா என்று ஆண்டுக் கணக்கு வரும்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து தொடங்குவார். பயிற்சி முடிந்த நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குரூப் போட்டோதான் முதல் ஆவணம். வரிசை வரிசையாகப் பெயர் எழுதுவார்கள். பெயர் மறந்துபோன இடத்தில் பட்டப்பெயர். அதுவும் மறந்த இடத்தில் கேள்விக்குறி. தொலைபேசி டைரக்டரி, ரெஜிமென்ட் சங்கம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ஒரு காலத்தில் அவர் வேலை பார்த்த வங்கியின் ஓய்வூதியர் சங்கம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள். பின்னர் கைபேசியும் வாட்ஸ்அப்பும் வந்து இருபது ஆண்டு வேலையை இருபது நாளில் முடித்துக் கொடுத்தன. ஆனாலும் அந்தக் கருவிகளில் தேடக் கையில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் குரூப் போட்டோவிலிருந்துதான் வரவேண்டும்.

சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? வெளியாட்கள் எதிர்பார்ப்பது வீரக் கதைகளை. நடப்பது வேறு. முதல் அரைமணி நேரம் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் டிரில் ஹவில்தாரின் குரலைப் பற்றியும்தான் பேச்சு. மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றவரும் பெட்ரோல் பங்க் நடத்தியவரும் அங்கே ஒரே வயதுப் பையன்கள். படையில் பதவி பார்க்காமல் பழகக்கூடிய உறவு ஒன்றே ஒன்றுதான், ‘கோர்ஸ்மேட்’. அதற்குத் தமிழில் வார்த்தை தேடுகிறவர்கள் ‘வகுப்புத் தோழன்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அது போதவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

மனைவிமாரும் பிள்ளைகளும் அன்றைக்குச் சில விஷயங்களை முதன்முறையாகக் கேட்கிறார்கள். வங்கி மேனேஜர் என்று மட்டுமே அறிந்திருந்த அப்பா, இருபத்திரண்டு வயதில் உறைபனியில் ஒரு இறந்த மனிதனைத் தோளில் சுமந்து இறங்கியவர் என்று அவருடைய நண்பர் சொல்லித்தான் தெரியவருகிறது. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் வராது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இத்தனை நாளும் வீட்டில் இல்லை என்பதுதான் பதில்.

எல்லோரும் வருவதில்லை. கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் வர மறுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் உடல்நலம் என்று சொல்லப்படும். உள்ளே வேறொன்று இருக்கும். நிரந்தர கமிஷன் கிடைக்காமல் வெளியேறியதைத் தோல்வி என்றே ஒரு ஆயுள் முழுக்க நினைத்தவர்கள் அவர்கள். ‘தேவை தீர்ந்ததும் அனுப்பிவிட்டார்கள்’ என்பது ஒரு விதம். ‘நான் போதாதவன்’ என்பது இன்னொரு விதம். இரண்டாவது விதத்தில் நினைத்தவர்கள் பழைய நண்பர்களின் கண்ணைப் பார்க்கக் கூசுகிறார்கள். ஆனால் ஒரு முறை வந்துவிட்டவர்களுக்கு அந்தப் பாரம் பாதி இறங்குகிறது. தன்னோடு ஒரே நாளில் விடுவிக்கப்பட்டவர்களின் வரிசையைப் பார்க்கும்போது, அது தனி மனிதனின் குறையால் வந்த தீர்ப்பு இல்லை, ஒரு ராணுவம் தன் எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்ட கணக்கு என்பது புலப்படுகிறது. இதை எந்த அரசாணையும் அவர்களிடம் சொன்னதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

இந்தக் கூடல்களை வயதானவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இன்னொரு பலனைக் கவனிப்பதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். 2003ல் தொடங்கியபோது பென்ஷன் பெறுகிறவர்களுக்கு மட்டுமே இருந்தது. 1965 போரில் நின்ற அவசரகால அதிகாரி பென்ஷன் இல்லாததால் வெளியே இருந்தார். 2019 மார்ச்சில்தான் இரண்டாம் உலகப் போர் வீரர்கள், அவசர கமிஷன் அதிகாரிகள், குறுகிய கால கமிஷன் அதிகாரிகள், முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்கள் ஆகியோருக்கு அது நீட்டிக்கப்பட்டது. அவசர கமிஷன் அதிகாரிகளில் இளையவருக்கே அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அறிவிப்பு டில்லியில் வந்தது. தகவல் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியல்? மாவட்டத் தலைநகரில் தனியாக வசிக்கும் எண்பது வயதுக்காரருக்கு, விடுவிப்பு ஆணையின் நகலைத் தேடி எடு, ஒருமுறைக் கட்டணத்தைக் கட்டு, அட்டை வாங்கு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பல இடங்களில் அந்த ஆள் பழைய கோர்ஸ்மேட்தான். நட்பின் பயன் என்ன என்று கேட்டால், இதய சிகிச்சைக்குக் கையை விட்டுக் கொடுக்க வேண்டிய பணம் என்று ரூபாயிலேயே பதில் சொல்லலாம்.

ரூபாயில் சொல்ல முடியாத பயனும் ஒன்று இருக்கிறது. போரில் மகனை இழந்த வீட்டுக்கு ஒரு தந்தியும், கமாண்டிங் ஆபீசரின் ஒரு கடிதமும் போயிருக்கும். ‘வீரத்துடன் போரிட்டு’ என்ற வாசகம் அதில் இருக்கும். யூனிட்டின் போர்க் குறிப்பேட்டில் அன்றைய நகர்வும் நேரமும் பதிவாகியிருக்கும். கடைசி நேரத்தில் அவன் தண்ணீர் கேட்டானா, யாருடைய மடியில் தலை இருந்தது, அதிகம் வலித்ததா என்பது எந்தத் தாளிலும் இல்லை. அது உடனிருந்தவரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. டில்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் சுவர்களில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடிப்பிடித்து விரலால் தடவும் முதியவரின் அருகில், இறந்தவரின் தம்பி மகன் நிற்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வராமல் இருந்த பதில் வந்து சேர்கிறது. அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பாள் என்பதும் அப்போதுதான் உறைக்கிறது. பத்தாண்டு முன்னால் தேடியிருந்தால் அவளும் கேட்டிருப்பாள்.

சாட்சிகள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஒருவர் இரவு இரண்டு மணி என்பார்; மற்றவர் விடிந்துவிட்டது என்பார். ஒருவர் நினைவில் மழை. இன்னொருவர் நினைவில் புழுதி. சண்டை வந்துவிடுமோ என்று வீட்டார் பயப்படும் அளவுக்கு வாதம் நடக்கும். ஆனால் அந்த வாதத்தில்தான் தேய்ந்துபோன விவரங்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. தனியாக இருக்கும்போது ஒருவருடைய ஞாபகம் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மறுக்க ஆள் இருந்தால்தான் அது திருந்தும்.

புகழ் பெற்றவர்களை யாரும் தேட வேண்டியதில்லை. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் ஒரு சிறு படையுடன் பாகிஸ்தானின் டாங்கிகளை விடியும்வரை தடுத்து நிறுத்தி மகா வீர் சக்ரா பெற்ற குல்தீப் சிங் சாந்த்புரி, 1963ல் சென்னைப் பள்ளியிலிருந்து அதிகாரியாக வெளிவந்தவர். 1997ல் வந்த ‘பார்டர்’ படம் அவரை நாடறியச் செய்தது. 2018ல் அவர் காலமானபோது பத்திரிகைகள் எழுதின. அதே மைதானத்தில் அணிவகுத்த மற்றவர்களுக்குப் படமும் இல்லை, செய்தியும் இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒருவர் வைத்திருக்கும் முகவரிப் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே.

இது பழைய தலைமுறையின் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேரும் இளைஞரின் பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டு. நான்கில் ஒருவர்வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயுடன் வெளியே வருவார்கள், பென்ஷன் கிடையாது. முதல் தொகுதியினரின் நான்காண்டுக் கணக்கு 2026ன் இறுதியையும் 2027ன் தொடக்கத்தையும் ஒட்டி நிறைவடையும். திட்டம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அறுபதுகளில் நடந்தது மறுபடி நடக்க எல்லா ஏற்பாடும் அதில் இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் கலைவார்கள். தொடர்கிறவன் ஒரு பக்கம், வெளியேறுகிறவன் ஒரு பக்கம் என்று பிரிவார்கள். வெளியே வந்தவனின் மனதில் ‘நான் போதாதவனா’ என்ற கேள்வி முளைக்கும். பென்ஷன் பட்டியலில் பெயர் இல்லாததால் அவனைத் தேடும் கடமையும் யாருக்கும் இருக்காது.

கைபேசித் தலைமுறை ஒருவரையொருவர் தொலைக்காது என்று சொல்வார்கள். எண் மாறும், குரூப் ஓய்ந்துபோகும், குடும்பமும் கடனும் வந்து அழுத்தும் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. விடுவிக்கும் நாளில் ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் முழுப் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுப்பது. அந்தப் பட்டியலை மாவட்ட அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது. பென்ஷன் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் புதிய சலுகை எது வந்தாலும் அந்த முகவரிகளுக்குத் தெரிவிப்பது. அவசரகால அதிகாரிகள் தம் கைக்காசைச் செலவழித்து, முதுமையில் அலைந்து செய்த வேலை இது. அதைத் தொடக்கத்திலேயே அரசு செய்துவிடலாம்.

பரங்கிமலைப் பள்ளி 1988ல் அதிகாரிகள் பயிற்சி அகாதமி ஆயிற்று. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். அணிவகுப்பு மைதானத்துக்கு, 1972ல் அங்கிருந்து அதிகாரியாகி 1987ல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயர். பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கும் நாட்களில் பார்வையாளர் வரிசையில் கோட்டும் பதக்கங்களும் அணிந்த முதியவர்கள் சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆண்டும் அந்தக் கூட்டம் சிறுத்துக்கொண்டு வருகிறது. பட்டியல் வைத்திருப்பவர் வீடு திரும்பியதும் ஒன்றிரண்டு பெயர்களுக்கு எதிரே தேதி எழுதுகிறார். கேள்விக்குறி போட்டு வைத்த பெயர்களுக்கு எதிரே எழுத அவருக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி தொலைபேசியை எடுக்கிறார்.